உயிரோடிருந்தவருக்கு முப்பது வருடப் பூசை

அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த பாஸ்கலுக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் ‘மூணு நிமிசம்’. எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு மூன்றைத் தாண்டி கார்டு அடித்தால் அரை நாள் போச்சு. பஸ் டயர் வெடித்தாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. அதனாலேயே பங்குக் கோயிலில் அவரைச் செயலாளராக வைத்திருந்தார்கள்.

1990இல் மேனாம்பேட்டு ஆரோக்கியம்மாள் அவரிடம் ஒரு மனு கொடுத்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். 1982இல் துபாய்க்குப் போன புருஷனிடமிருந்து முதல் வருடத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. லேத் ஓட்டும் செபாஸ்டியன் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். கோயிலில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், போனவன் இறந்துவிட்டதாக ஆயர், அதாவது பிஷப், ஏற்க வேண்டும். பாஸ்கல் செய்ய வேண்டியதெல்லாம் மனுவோடு ஒரு கடிதம் வைத்து, பங்குச் சாமியாரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவதுதான். மரணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். அவளிடம் இல்லை. மனு ஃபைலுக்குள் போயிற்று, அங்கேயே கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து மொரீஷியஸிலிருந்து சாமியாருக்கு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதும் வேலை வழக்கம்போல் பாஸ்கலுடையது. எழுதியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. தன் தாத்தா சவரியப்பன் 1903இல் வானகரத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறியவர், 1938இல் இறந்தவர், அவருடைய சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்.

பாஸ்கல் சிரித்துக்கொண்டார். அவருடைய பெரிய தாத்தாவும் அதே பெயர், அதே ஊர், அதே வருடம் கப்பலேறியவர். ஆனால் 1908இல் திரும்பி வரும் வழியில் கடலிலேயே இறந்துபோனார். வருடா வருடம் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைப் பூசையில் குடும்பத்து இறந்தோர் பட்டியலைப் படிப்பவர் பாஸ்கல்தான். முதல் பெயரே சவரியப்பன். இது வேறு ஆள் என்று எழுதிவிடலாம். இருந்தாலும் ஒத்துப் பார்க்காமல் எழுதிப் பழக்கமில்லை.

கோயிலின் பழைய பதிவேட்டை எடுத்தார். 1908இல் சவரியப்பன் மரணம். சாட்சி அவருடைய தம்பி ராயப்பன், பாஸ்கலின் தாத்தா. அடுத்த வருடம் ஆயரின் விசேஷ அனுமதியோடு ராயப்பனுக்கும் அண்ணனின் விதவை மதலேனம்மாளுக்கும் கல்யாணம். அண்ணன் பெண்டாட்டிக்கு வாழ்வு கொடுத்த தியாகி என்று வீட்டில் பெருமையாகச் சொல்லும் கதை அது.

வீட்டிலிருந்த ராயப்பனின் ஜெபப் புத்தகத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது, 1904.’ அதில் பூஜ்ஜியம் மட்டும் சிவப்பு மை. அந்தச் சிவப்புக்கு அடியில் ‘1’ தெரிந்தது. செத்தவர் 1914இல் எப்படிக் கடிதம் போடுவார், தாத்தா வருடத்தைத் தப்பாக எழுதிவிட்டார் என்று 1985இல் அதைத் திருத்தியது பாஸ்கலேதான்.

ஆசிரியை கடிதத்தோடு வைத்து அனுப்பியிருந்த, தாத்தா கப்பலேறியபோது எழுதிய காகிதத்தின் நகலை அப்போதுதான் முழுதாகப் படித்தார். மனைவி பெயர் மதலேனம்மாள்.

உயிரோடிருந்த மனிதருக்கு முப்பது வருடம் இறந்தோர் பூசை வைத்திருக்கிறார்கள். கடிதத்தின் கடைசிப் பத்தி அதைவிட மோசம். ஊரில் மனைவி இருக்கிறாள் என்று சவரியப்பன் அங்கே சாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். அதனால் அங்கே சேர்ந்து வாழ்ந்தவளோடு கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை. பிறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை. ‘அந்த மனைவி எத்தனை காலம் காத்திருந்தார் என்று தெரிந்தால் எழுதுங்கள்’ என்று முடித்திருந்தார்.

பாஸ்கல் நான்கு பதில் எழுதிக் கிழித்தார். ஐந்தாவதற்குக் காகிதம் தேடி பீரோவைத் திறந்தபோது ஆரோக்கியம்மாளின் மனு கையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டுக்குப் போனார். செபாஸ்டியன் வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஆரோக்கியம்மாள் இடுப்பில் ஒரு குழந்தையோடு வெளியே வந்தாள்.

“இன்னா சார், சர்டிபிகேட்டா? போனவரு இன்னும் அனுப்பல.”

குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டார் பாஸ்கல். கேட்டிருக்கக் கூடாது.

“அப்பா பேரு கேப்பீங்களே சார். இன்னான்னு சொல்றது?”

வேறு வழி தெரியாமல் பாஸ்கல் தன் வீட்டுக் கதையை முழுதும் சொன்னார், செருப்பைப் பார்த்துக்கொண்டே. அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“அப்ப உங்க ஆயா கெட்டிக்காரி சார். செத்துட்டான்னு சொல்லிட்டு கோயில்ல தாலி கட்டிக்கினாங்க. நான் தெரிலன்னு நெசத்த சொல்லிட்டு ரெண்டு வருசமா உங்க ஃபைல்ல கீறேன்.”

செபாஸ்டியன் பம்பை எடுத்துக் காற்றடிக்கத் தொடங்கினார்.

மறுநாள் இரண்டு உறைகள் தபாலுக்குப் போயின. மொரீஷியஸுக்கு: மதலேனம்மாள் என் பாட்டி; ஐந்து வருடம் காத்திருந்தார்; பிறகு உங்கள் தாத்தா இறந்துவிட்டதாக என் தாத்தா பொய்ச் சாட்சி சொன்னார். ஆயர் இல்லத்துக்கு: ஆரோக்கியம்மாளின் மனு. அதோடு வைத்த கடிதத்தில் யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்திருந்தார். ‘தாமதம்: இரண்டு வருடம், நான்கு மாதம். காரணம்: செயலாளர்.’ கீழே கையெழுத்துப் போட்டார்.