பன்னிரண்டாம் எண் செய்தி

பிரிஜட்டுக்கு எட்டு ஆண்டுகள் கோப்பு அறையில்தான் வேலை. அங்கே ஒரு கோப்புக்கு எண் குத்தினால், அது கிழிந்து போகும் வரை அந்த எண்தான். 1987இல் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை அலுவலகத்துக்குக் கணினி வந்ததும் அவளை அதன் முன்னே உட்கார வைத்தார்கள்.

பூன் லே கிடங்கிலிருந்து பரீதா என்ற பெண் தினமும் கணினி வழியே சரக்குக் கணக்கை அனுப்புவாள். கணக்கின் அடியில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி இருக்கும். 'இங்கே மழை. அங்கே?' பிரிஜட்டும் ஒரு வரி பதில் போடுவாள். இரண்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனால் பிரிஜட்டோடு பேச ஆள் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை வந்த செய்தியில் பரீதா, இன்று நண்பகலோடு வேலையை விடுவதாகவும், கல்யாணமாகி மலேசியாவிலுள்ள ஜொகூர் போவதாகவும் எழுதி, புது முகவரியையும் கொடுத்திருந்தாள். சொந்தப் பேச்சுக்குக் கணினியைத் தொடக்கூடாது என்பது கண்காணிப்பாளர் தங்கராஜுவின் சட்டம். அவர் பக்கத்திலேயே இருந்ததால் பிரிஜட் முகவரியை எழுதிக்கொள்ளவில்லை. செய்தியின் எண்ணை மட்டும் ஒரு துண்டுத்தாளில் குறித்தாள்: 12.

மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பியபோது தங்கராஜு அவள் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"டிஸ்க் ஃபுல் லா, பிரிஜட். எல்லாத்தையும் அழி. ஒண்ணு ரெண்டு வேணும்னா வச்சுக்கோ."

அவர் பின்னால் நிற்க, அவள் தாளைப் பார்த்து அடித்தாள். d 1-11, ஒன்று முதல் பதினொன்று வரை அழி. பிறகு 13 முதல் கடைசி வரை. பிறகு, வெளியேறும் q. அந்த q விழும் வரை u அடித்து எதையும் மீட்டுவிடலாம். விழுந்துவிட்டால் போனது போனதுதான்.

செய்திப் பட்டியலை மீண்டும் திறந்தாள். ஒரே ஒரு செய்தி. வீட்டுக்குப் போகும்போது விளக்கை அணைக்கச் சொல்லும் சுற்றறிக்கை.

"சார், இதுல ஏதாவது தொட்டீங்களா?"

"உனக்கு ஹெல்ப்பாதான், முதல் மூணு மெசேஜையும் தூக்கிட்டு q அடிச்சேன். ஏன்?"

q அடித்து வெளியே வந்தாலே மிச்சமுள்ள செய்திகள் மேலேறிப் புது எண் வாங்கிக்கொள்ளும். பரீதாவின் செய்தி ஒன்பதாகியிருந்தது.

"ஒண்ணுமில்ல சார்."

ஞாயிறு பூசை முடிந்ததும் பிரிஜட் பூன் லேக்குப் பேருந்து ஏறினாள். கிடங்கு வாசலில் காவலாளி நெய்னா முகம்மது மட்டும் இருந்தார்.

"பரீதாவா? வெள்ளிக்கிழமையோட நின்னுடுச்சும்மா. நீங்க சொந்தமா?"

"இல்லங்க. சிராங்கூன் ஆபீஸ். அட்ரஸ் ஏதாவது..."

"எனக்கெங்கம்மா தெரியும்? ஆபீஸ் மூலமா கேளுங்க."

ஆபீஸ் மூலம் என்றால் தங்கராஜு. எதற்கு என்று கேட்பார். பிரிஜட் கிடங்கை எட்டிப் பார்த்தாள். பூட்டிய கம்பிக்கதவு வழியே காவலாளி ஒரு சன்னலைக் காட்டினார். "அங்கதான் உட்காரும்."

வெகுநேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவங்க எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

காவலாளி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கையைத் தன் தோளருகே நிறுத்தினார்.

"இம்புட்டு இருக்கும்மா."