ரஹீம் நானாவின் இடது கன்னம்

முல்லைத்தீவில் சத்திரசிகிச்சை கிளினிக்கில் தாதியாக இருந்த காலம். ஒரு நாள் தேநீர் இடைவேளையில், மருந்தகத்தின் பின்னால் ஒருவர் சுவரைப் பார்த்தபடி நின்று கன்னத்தில் துவாயை அழுத்திக்கொண்டிருந்தார். காயம் திறந்துவிட்டதென்று ஓடினேன். துவாயில் இரத்தமில்லை, வெறும் ஈரம். மற்றக் கையில் பாதி கடித்த வடை.

அவர் ரஹீம் நானா, புடவை வியாபாரி. காதுக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்த கட்டியை முந்தின வருடம் வெட்டி எடுத்திருந்தார்கள்.

"சாப்பிட்டா இந்தப் பக்கம் மட்டும் வேர்த்து ஊத்துது, மிஸ்ஸி" என்றார் மெதுவாக. "அடுத்த மாசம் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளையின்ர வாப்பாவோட ஒரே சஹன்ல சாப்பிட இருக்கோணும். எல்லாற்ற கையும் போற தட்டில என்ர வேர்வை விழுந்தா? எனக்குப் பதிலாத் தம்பிய இருக்கச் சொல்லுவமெண்டு யோசிக்கிறன்."

டொக்டரிடம் கூட்டிப்போனேன். "வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளரேக்க வழி மாறிப் போயிருக்கு. எச்சில் ஊற வேண்டிய நேரத்தில தோல் வேர்க்குது. பயப்பிட ஒண்டுமில்லை, நானா" என்றார் அவர். பிறகு, எந்த இடம் வேர்க்கிறதென்று பார்க்க, என்னிடம் அயடீனும் சோளமாவும் எடுக்கச் சொன்னார்.

கன்னத்தில் அயடீனைப் பூசிக் காயவிட்டு, மேலே மாவைத் தூவினேன். எச்சில் ஊறட்டுமென்று ஒரு புளித்த தேசிக்காய்த் துண்டை வாயில் வைக்கக் கொடுத்தோம். கடற்காற்றில் யன்னல் சீலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே நோயாளர்களின் கதை எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. வெள்ளை மாவில், காதருகே, ஒரு கருநீலப் புள்ளி வந்தது. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. ஈரம் பட்ட இடமெல்லாம் நீலம் தானாக ஊறி, ஒன்றோடொன்று சேர்ந்து, சின்னத் தீவுபோல் நின்றது.

கண்ணாடியை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா, மிஸ்ஸி? நான் முகம் முழுக்க எண்டெல்லோ நினைச்சனான்."

பூசுவதற்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்த டொக்டர், வியர்வை குறையும், ஆனால் முற்றாக நிற்குமென்று சொல்லமுடியாது என்றார்.

கலியாணம் முடிந்தபின் வட்டிலப்பத்தோடு கிளினிக்குக்கு வந்தார்.

"சஹன்ல இருந்தீங்களோ, நானா?"

"ஓம். கொஞ்சம் வேர்த்ததுதான். ஆனா முதலே சம்பந்தியிட்ட சொல்லிப்போட்டன். அவர் ஒண்டும் கேக்கேல்லை. நல்ல இறைச்சித் துண்டாப் பாத்து என்ர பக்கம் தள்ளிவிட்டார்."

அதுவரை கிளினிக்குக்கு வருபவர்களிடம் சாப்பிட முடிகிறதா என்று கேட்டு, கிளினிக் அட்டையில் சரி போடுவேன். அவரிடமும் மூன்று தரம் அப்படிக் கேட்டுச் சரி போட்டிருக்கிறேன். அவரும் பொய் சொல்லவில்லை. இப்போதெல்லாம், "ஆரோட இருந்து சாப்பிடுறீங்கள்?" என்று கேட்கிறேன். சிலர் சட்டென்று சொல்வார்கள். சிலர் தலைகுனிவார்கள். அப்போது பேனையை மூடிவிட்டு, கதிரையை அவர்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்வேன்.