மிஷின் ஆட்டம் என்று சொன்ன வாய்

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆளை நினைத்தாலே பிரஸ்காரருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். அவர் வாஷர் அடிக்கிற பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறவர். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். அவரை யார் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுவிடுவார். நாலு பேர் முன்னால் அக்காவைக் கேலி செய்தவனை மட்டும் விட மனசு வரவில்லை.

அக்காவுக்கு பஸ் டிப்போவில் சில்லறை பிரிக்கிற வேலை. ஒருநாள் ஒரு காசில் வருஷ எண் ரெட்டையாகத் தெரிந்தது. தன் காசைப் போட்டு அதை எடுத்துக்கொண்டு, நாணயம் சேர்க்கிறவர்கள் மாதாமாதம் கூடுகிற மாடி ஹாலுக்குத் தம்பியோடு போனாள். அங்கே ‘நிபுணர்’ என்று எல்லாரும் தலையில் வைத்து ஆடிய மனிதர் லென்ஸை வைத்து அரை நிமிஷம் பார்த்தார்.

“இது மிஷின் ஆட்டம்மா. அடிக்கும்போது டை, அதான் அச்சு, ஆடியிருக்கு, குப்பை. சில்லறை பிரிக்கிறவங்களுக்குச் சாயங்காலம் ஆனா எல்லாமே ரெண்டாத்தான் தெரியும், பாவம்.”

ஹாலே சிரித்தது. வேறொரு காசை அவள் கையில் வைத்துவிட்டு, அவள் கொண்டுவந்ததைத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார். ஏழு மாதம் கழித்து, சங்கத்துப் பத்திரிகையில் அந்தக் காசின் படம் வந்தது. காசில் இருந்த தலையின் காதுக்குக் கீழே, அக்கா கொண்டுபோனதில் இருந்த அதே கீறல். ‘அபூர்வ இரட்டை அச்சு. கண்டுபிடித்தவர்: நிபுணர்.’

பிரஸ்காரர் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“உக்காருடா. மண்டையை உடைச்சா அவன் கட்டுப் போட்டுக்கிட்டு அனுதாபம் வாங்குவான். நாளைக்குப் பட்டறை லீவுதானே? உன் பிரஸ்ஸை எனக்குக் காட்டு” என்றாள் அக்கா.

மறுநாள் அவளுக்காக ஒரு எண்ணை வெட்டி டை செய்தார். போல்ட்டைத் தளர்த்திப் பத்து அலுமினிய வில்லைகளை அடித்தார். டை ஆடி, எண்ணின் தோளைச் சீவி, படிக்கட்டு மாதிரி தட்டையாக ஒரு நிழலை விட்டது. எண்ணும் இளைத்துப்போனது. பத்தில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. பிறகு வேறொரு டையில் அதே எண்ணை ஒரு நூல் தள்ளி இரண்டு தடவை பதித்து, போல்ட்டை முறுக்கி அடித்தார். இப்போது எண் பருத்திருந்தது. இரண்டாவதும் முதலாவது மாதிரியே உருண்டு மேடாக நின்றது. முனையில் சின்னப் பிளவு. பத்தும் அச்சு அசல் ஒன்றே. அக்காவின் காசில் இருந்ததும் இந்த மாதிரிதான்.

“அவ்வளவுதானா? இதுக்கா அந்த ஆள் அவ்வளவு பீத்திக்கிட்டான்?” என்றாள் அக்கா.

அன்றிலிருந்து சாவிக்கொத்தில் லென்ஸும் தொங்கியது. கடையில் மீதிச் சில்லறை கொடுத்தால், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். டிப்போவில் அவளுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பேர். வருஷம் போகப் போக, சந்தேகக் காசோடு ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். பூதக்கண்ணாடி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று ஆனது.

ஒருநாள் நிபுணரே வந்தார். கண்ணில் புரை. மிஷின் ஆட்டக் காசு இரண்டை அசல் என்று சொல்லிச் சங்கத்தில் பேரைக் கெடுத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த மூன்றாவதை, பூதக்கண்ணாடி எழுதிக்கொடுத்தால்தான் ஏற்போம் என்று சங்கம் சொல்லிவிட்டதாம்.

அக்கா காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிரஸ்காரர் அவளை அடுப்படிக்கு இழுத்தார்.

“மிஷின் ஆட்டம்னு ஒரே வார்த்தை சொல்லுக்கா. ஆள் காலி.”

“அசல்டா இது.”

“அவனுக்கு எங்க தெரியப்போவுது?”

“நாளைக்கு இன்னொருத்தன் லென்ஸ் வச்சுப் பாப்பான். அப்ப குருடு நானா அவனா? இத்தனை வருஷம் கழிச்சு அவனை ஜெயிக்க வைக்கச் சொல்றியா?”

வெளியே வந்து நிபுணரைப் பார்த்தாள்.

“எழுதித் தரேங்க. ஆனா மேல ரெண்டு வரி சேர்ப்பேன். காதுக்குக் கீழே கீறல் இருந்த காசைக் கண்டுபிடிச்சது நான், அதைக் குப்பைன்னு சொல்லி வாங்கிக்கிட்டது நீங்கன்னு. ஹால்ல நின்னு முழுசும் நீங்கதான் படிக்கணும்.”

“எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லையேம்மா...”

“எனக்கு இருக்குங்க.”

நிபுணர் காசையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி” என்றார்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் அக்காவுக்கு நெஞ்சுவலி. ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார். அவள் கடைசியாகப் பேசியது இதுதான்.

“கண்ணு தெரியலன்னு சாக்குச் சொல்லுவான். எழுத்தைப் பெருசா எழுதிக் குடு. நடுவுல நிறுத்தினான்னா, முதல்லேருந்து படிக்கச் சொல்லு.”