உடைக்கத் தெரியாத முட்டை

மாட்டுங்காவில் எங்கள் கீழ்வீட்டு மாமா ஒல்லியானவர். ஆபீஸிலிருந்து திரும்பியதும், சட்டையைக்கூடக் கழற்றாமல், தன் நாய்க்குத் தயிர்சாதம் பிசைந்து உருட்டி உருட்டிக் கொடுப்பார். குட்டியிலிருந்தே அது வேறெதையும் தின்றதில்லை.

ஒரு வருஷம் அதற்கு முடி கொட்டி, விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. முட்டையாவது கொடுக்காவிட்டால் தாங்காது என்று மிருக டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமி கோவிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா என்னைக் கூப்பிட்டு, கைக்குட்டையில் சுற்றிய முட்டையை நீட்டினார்.

"இதை எப்படிடா உடைக்கறது?"

"தெரியலையே மாமா. எங்காத்துலயும் கிடையாது."

கடைசியில் வாசற்படியில் தட்டி, ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றினோம். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு அதை நாயின் முன்னால் தள்ளினார். நாய் முகர்ந்து, ஒரு தடவை நக்கியது. பிறகு விலகி வந்து அவர் முகத்தைப் பார்த்தது.

"நான்தானே இப்படிப் பழக்கினேன்" என்றார். "இப்ப என்னடா பண்ணுவேன்?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் தயிர்சாதம் பிசைந்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் நாய் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அது தயிர்சாதத்தை மிச்சம் வைக்காமல் தின்றதை மாமா பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த முகத்தில் இருந்தது சந்தோஷமா, பயமா என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.