வேணும், வேணாம், ஓவர்

வேணும் என்பதற்கும் வேணாம் என்பதற்கும் இடையில் இருப்பது ஓர் எழுத்துத்தான். முகம் பார்த்துப் பேசும்போது அது போதும், தலையாட்டல் மீதியைச் சொல்லிவிடும். ஹாம் ரேடியோவில் தலை தெரியாது. இரைச்சல் கொஞ்சம் கூடினால் இரண்டு சொல்லும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அந்த ஓர் எழுத்தில் ஒரு பெண்ணின் உயிர் தொங்கிக்கொண்டு நின்றபோது, செட்டுக்கு முன்னால் இருந்தவள் நான்.

நாவற்குடாவில் எங்கள் கூரையில் நிற்கும் அன்டெனாவைப் பார்த்து, டிவி நல்லாகத் தெரிகிறதா என்று கேட்காத ஆள் இல்லை. டிவிக்கு இல்லை, உரிமம் எடுத்து, முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதற்கு என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என் கணவர் அதற்கு வைத்த பெயர் இரைச்சல் பெட்டி. எங்கள் கூட்டம் மொத்தமே ஏழெட்டுப் பேர். சம்பளம் கிடையாது. புயல், வெள்ளம் என்றாலும், திருவிழா, தோணிப் போட்டி என்றாலும் செட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்போம்.

அப்படி ஒரு தோணிப் போட்டியில்தான் வினை வந்தது. போட்டி முடியும் இடத்தில் எங்கள் நானா நின்றார். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். தொடங்கும் இடத்தில் தண்ணீர் பவுசர் வண்டியோடு நான். தண்ணி வேணும் என்று தான் சொன்னதாக அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். என் காதில் விழுந்தது வேணாம். நான் பவுசரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாக்கு வறண்டு கரையேறிய தோணிக்காரர்கள் நானாவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அன்றோடு இரண்டு சொல்லையும் காற்றில் தடை செய்தோம். வேணும் என்றால் ‘கொண்டு வாங்க’. வேணாம் என்றால் ‘தேவையில்லை’. மறந்து பழைய சொல்லைச் சொன்னவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும். யாராவது வாய் தவறினால் மற்றவர்கள் ‘தேத்தண்ணி’ என்று ஒரு சொல் சொல்வோம், அவர் திருத்திச் சொல்வார். அதிகம் மாட்டுப்பட்டவர் நானாதான். பகல் முழுக்கக் கடையில் நின்று ‘என்ன வேணும், என்ன வேணும்’ என்று கேட்கிற மனிதரின் வாயை எப்படிக் கட்டுவது?

பிறகு அந்த மாரியில் குளங்களின் கதவுகளைத் திறந்தார்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஊர்கள் தீவு தீவாகப் பிரிந்தன. நிவாரணப் பொருளோடு போன நானா, ஒரு பள்ளிக்கூடத்தில் ஊர்ச் சனத்தோடு மாட்டிக்கொண்டார். போன் கோபுரம் செத்துப்போய்விட்டது. அந்த ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இருந்தது அவருடைய கைச் செட்டும் ஒரு கார் பற்றரியும்தான். நான் இங்கே நகரத்தில், ஓர் அரச அலுவலகத்தின் விறாந்தையில், கொடிக்கம்பத்தில் அன்டெனாவைக் கட்டிவிட்டு இருந்தேன். காலையில் நானா நிதானமாகச் சொன்னார்: “எல்லாரும் சுகம். தோணி தேவையில்லை. ஓவர்.” சட்டப்படி, அச்சடித்ததுபோல.

மத்தியானம் கழிந்து மழை வலுத்தது. இஞ்சின் பூட்டிய தோணி ஒன்றுதான் கையில் இருந்தது. அதை எந்தப் பக்கம் விடுவது என்று நிவாரணத்துக்குப் பொறுப்பான அதிகாரி யோசித்துக்கொண்டிருக்கும்போது செட் கரகரத்தது.

“தோணி வே...ம். தோணி வே...ம்.”

“வேணாமெண்டுதானே சொல்றார் மிஸ்,” என்றார் அதிகாரி. “காலையிலயும் அதத்தானே சொன்னவர். தோணிய மற்றப் பக்கம் விடுவம்.”

“கொஞ்சம் பொறுங்க சேர்.”

காலையில் ‘தேவையில்லை’ என்று ஒழுங்காகச் சொன்னவர், இப்போது ஏன் தடைசெய்த சொல்லை எடுக்கிறார்? தோணி தேவைப்படாத மனிதருக்கு அவசரம் இல்லை, சட்டமும் மறக்காது. அங்கே ஏதோ நடந்திருக்கிறது. நான் பொத்தானை அழுத்திக் கத்தினேன்:

“நானா, தேத்தண்ணி! தேத்தண்ணி! ஓவர்!”

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன மிஸ், சனம் தண்ணிக்குள்ள கிடக்கு, உங்களுக்கு இப்ப தேத்தண்ணியா?”

நான் காதைச் செட்டோடு ஒட்டிக்கொண்டேன். செட்டில் ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு நானாவின் குரல், உடைந்து உடைந்து, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது.

“கொண்டு வாங்க! தோணியக் கொண்டு வாங்க! வயல் வட்டைக்குள்ள மாடு அவுக்கப் போன பொம்புளைக்குப் பாம்பு கடிச்சிரிக்கி. கெதியாக் கொண்டு வாங்க! ஓவர்!”

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிமிடம் மழைக்குள் இறங்கி, தோணிக்காரனைப் பார்த்துக் கை வீசிக்கொண்டு ஓடினார். அந்த மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பொழுது படுமுன் தோணி இக்கரைக்கு வந்தது. அந்தப் பெண்ணின் கால் வீங்கிக் கறுத்திருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதைக் கேட்டு நான் விறாந்தையிலேயே இருந்து அழுதேன். பெருமையாக இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், அடக்கம் காட்ட எனக்கு வராது. அதிகாரி ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

மறுநாள் காலை அவளைப் போய்ப் பார்த்தேன். வீட்டாருக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். சொன்னாள். நேரே விறாந்தைக்கு வந்து செட்டைப் போட்டேன். அந்தப் பக்கம் தன்னைச் சுற்றி அவளுடைய புருஷன், பிள்ளைகள், முழுப் பள்ளிக்கூடமும் நிற்பதாக நானா சொன்னார். மழை விட்டிருந்தது, இரைச்சல் இல்லை.

“அவ சொன்னத அப்பிடியே சொல்றன் நானா, கேளுங்க. ‘எனக்கு ஒண்டும் வேணாம். வீட்ட போகவேணும்.’ ஓவர்.”

அங்கே ஒரே ஆரவாரம், செட் அதிர்ந்தது. அதற்குள் நானா சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை.

“ரெண்டு தேத்தண்ணி, தங்கச்சி,” என்றார். இந்த முறை ஒரு சொல்லும் மாறிக் கேட்கவில்லை.