வாழைக்கறை மேல் தேக்கிலை

என் பட்டறையில் இன்று திரைச்சீலைக்கு இலை அச்சு வைக்கும்போது, நசுங்கிய தேக்கங்கொழுந்தின் வாடை மூக்கில் ஏறியதும், கீழக்குயில்குடிப் பக்கம் வீட்டு மனைகளாகிப்போன எங்கள் வாழைத்தோப்புக்குள் போய்விட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பட்டம் வாங்கியவர்கள் இன்று என்னிடம் வேலை பார்க்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலை யாரும் சொல்லித்தரவில்லை.

சின்ன வயதில், சித்தி கல்யாணத்துக்கென்று வைத்திருந்த ஒரே வெள்ளைப் பாவாடையை முந்தின நாளே உடுத்திக்கொண்டு, வாழைத்தார் வெட்டுகிற இடத்தில் போய் நின்றேன். பாவாடையில் சொட்டிய வாழைப்பால் பழுப்பாகக் காய்ந்துவிட்டது. எத்தனை துவைத்தும் போகவில்லை.

"இதோட வந்து என் மானத்த வாங்காத. வீட்டுலயே கெட" என்றாள் அம்மா.

விடுவேனா? வேலியோரத் தேக்கில், கசக்கினால் சிவப்புச் சாறு விடும் கொழுந்து பறித்து, பம்புசெட்டுத் தண்ணீர் கொட்டும் தொட்டியோரத் துவைகல்லில் பாவாடையை விரித்து, கறை மேல் இலையை வைத்துக் கூழாங்கல்லால் டொக் டொக்கென்று தட்டினேன். அங்கே மட்டும் தட்டினால் குட்டு வெளிப்படுமென்று, கை கன்றக் கன்ற, பாவாடை முழுக்க நரம்பு நரம்பாகச் செவ்விலைகள் எழும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

அரைமனதாக அழைத்துப்போன அம்மா, திருப்பரங்குன்றம் மண்டபத்தில் என்னைத் தூண் மறைவில் உட்காரவைத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "இம்புட்டு அழகா இருக்கே, எந்தக் கடையில எடுத்தீங்க மதினி?" என்று கேட்டாள்.

"கடையில ஏது அத்தே? நான் அடிச்சது" என்றேன்.

"ஆமா, எம் மகதான் அடிச்சா" என்ற அம்மா, என்னை முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.