பாதிக் கூரைக்குக் கரி

எங்கள் தெருவில் அவளுக்கு ஏர்ஹாரன் என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிறாள். கீழே நின்று பேசினால் மொட்டை மாடியில் படுத்திருக்கும் தம்பிக்குக் கேட்க வேண்டும், எதிர்வீட்டுக்காரனான என் காது கிழிந்தாலும் சரி.

தம்பி பூச்சு வேலைக்காரன். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவன். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, வியர்வையும் கிடையாது. வியர்க்காத உடம்பு வெயிலில் ஆறாது, உள்ளேயே கொதிக்கும். போன கோடையில் அப்படித்தான் ஆஸ்பத்திரியில் மயிரிழையில் தப்பினான். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் படுக்க வைத்திருந்தாள். அவளுக்குக் கட்டுப்படியான அறை அது ஒன்றுதான். ஈரத்துணியைப் போர்த்திவிட்டு இறங்குவாள், அது காய்வதற்குள் மூச்சிரைக்க ஏறுவாள்.

"இருக்கியாடா?" என்று கீழிருந்து கத்துவாள்.

"பாதி வெந்தாச்சுக்கா, உப்புதான் போடணும்" என்று மேலிருந்து பதில் வரும்.

இந்தக் கோடையில் நகராட்சி வெள்ளை பெயின்ட்டோடு வந்தது. கூரையில் அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுமாம். நலிந்தோருக்கு இலவசம். தொடக்க விழாவில் பெரிய மனிதர்களுக்குப் பந்தல், ஃபேன், நலிந்தோருக்கு வெயில். ஆனாலும் பெயின்ட் வேலை செய்தது, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கொட்டகைக் கூரையில் அடித்த அன்று மத்தியானமே தம்பி குறட்டை விட்டான். அவள் வேலையைப் போட்டுவிட்டு மேலே போய் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக்கு வந்த ஆள் கீழே வெற்றுடம்போடு காத்துக்கிடந்தார்.

இரண்டாம் மாடியில் வீட்டுக்காரர். என்ன விசேஷம் என்று எட்டிப் பார்க்க வந்தவர் உட்கார்ந்தார், சுவரில் சாய்ந்தார், கண் சொக்கிவிட்டது. விழித்தபோது மனிதருக்குப் புத்தி மாறியிருந்தது.

"என்னம்மா, என் வீட்டை விட இங்க ஜில்லுனு இருக்கே! பையன் பரீட்சைக்குப் படிக்கணும். நீ வேற இடம் பாத்துக்கோ."

"இவனைத் தூக்கிக்கிட்டு எங்க சார் போவேன்? என் தம்பியைக் காட்டித்தானே பெயின்ட்டே வாங்கினீங்க?"

"தம்பி உன்னோடவன். கூரை என்னோடது."

அவள் நகராட்சி அதிகாரியிடம் ஓடினாள். "திட்டம் கூரைக்குத்தாம்மா. உள்ள யாரை வைக்கிறாங்கன்னு நாங்க கேக்க முடியாது" என்றார் அவர். கெட்ட மனிதரும் இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அன்பாகத்தான் கையை விரித்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்தவள் இஸ்திரிப் பெட்டிக் கரியை இடித்துத் தூளாக்கினாள். காலருக்குப் போடும் கஞ்சியில் கரைத்தாள். வாளியும் நீளத் துடைப்பமுமாக உச்சி வெயிலில் ஏணி மேல் ஏறினாள். தெருவே அண்ணாந்து பார்த்தது. அவள் படுக்கிற பக்கத்துக் கூரை மளமளவென்று கறுத்தது. தம்பியின் கட்டிலுக்கு மேலே வந்ததும் கை நின்றுவிட்டது.

அலறியடித்துக்கொண்டு வந்த வீட்டுக்காரர் அதைக் கவனித்ததும் நிதானமாகிவிட்டார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "பூசேன் பாப்போம். உனக்கு மனசு வராது" என்றார். அவள் துடைப்பத்தை மறுபடி வாளியில் முக்கினாள், எடுக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து யாரோ தகரத்தைத் தட்டினார்கள். தம்பிதான், கட்டிலோரம் கிடந்த கம்பால்.

"அக்கா, என் தலைக்கு மேலயும் பூசு. வேகறதுன்னா இங்கயே வேகுறேன். ரோட்டுல போய் வேக எனக்குத் தெம்பு இல்ல."

பூசினாள். வாய் வீட்டுக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டியது, கண் தன் பாட்டுக்கு ஒழுகியது.

கொஞ்ச நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே தலையை நீட்டினார், சுட்டது, இழுத்துக்கொண்டார்.

"கழுவிட்டாப் போச்சு" என்றார்.

"கழுவுங்க சார், நாளைக்கும் பூசுவேன். கரிக்கா எனக்குப் பஞ்சம்?"

"இருந்து தொலைங்க" என்று இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து தம்பியின் பக்கத்தை மட்டும் கழுவினாள். தன் பக்கத்தைத் தொடவில்லை. வீட்டுக்காரர் மகன் ஒருநாள் புத்தகத்தோடு வந்து அறை நடுவில் நின்றான், வியர்வையில் சட்டை நனைந்ததும் போய்விட்டான், அப்புறம் வரவில்லை. தம்பிக்கும் பழைய ஜில் இல்லை. குறட்டை எப்போதாவதுதான் வருகிறது. ஆனால் வருகிறது.

ஒரு மாதம் கழித்து அந்த அதிகாரியே கூரைகளைப் பார்வையிட வந்தார். பாதி வெள்ளை, பாதி கறுப்பைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை.

"என்னம்மா இது கோலம்? ஆளை அனுப்பறேன், முழுசா வெள்ளையாக்கிடலாம். காசு எதுவும் வேண்டாம்."

அவள் ஏணிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயோ, கை வைக்காதீங்க சார். அந்தப் பக்கம் நான் வேகறதாலதான் இந்தப் பக்கம் அவன் இருக்கான்."